சாமத்திய வீட்டன்று ஓர் இறுதி ஆட்டம்

அக்காவின் மகளான என் மருமகளின் சாமத்திய வீடும் எங்கள் பல்கலைக்கழக அணியின் இறுதி ஆட்டமும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. கிரகங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குற்றம் முழுக்க என்னுடையது.

மருமகள் பூப்பெய்திப் பெரியபிள்ளையாகி ஆறு மாதம் கழித்து, நவம்பரில் ஒரு சனிக்கிழமைக்குத்தான் மண்டபம் கிடைத்தது. திகதியைக் குறிக்கும்போது அக்கா என்னிடம் கேட்டாள்: "தம்பி, அண்டைக்கு உனக்குச் சோதனை கீதனை ஒண்டும் இல்லைத்தானே?" அந்த நாளில்தான் எங்கள் பிரிவின் இறுதி ஆட்டம் என்பது எனக்குத் தெரியும். அட்டவணை என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஆனால் அந்த ஆட்டத்துக்கு எங்கள் அணி போகும் என்று சொன்னால் எங்கள் அணிக்காரர்களே சிரிப்பார்கள். "எனக்கு ஒண்டும் இல்லை அக்கா, நான் ஃப்ரீ" என்றேன். வாய்க் கொழுப்பு, வேறென்ன.

நான் எப்படி அந்த அணியில் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஊரில் விளையாடிய பந்தாட்டம் அல்ல இது. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கியபடி ஓடுகிறவனை மற்றவர்கள் இடித்து விழுத்துகிற ஆட்டம். அதில் காலால் உதைப்பதற்கென்றே தனியாக ஒருவன் இருப்பான். கம்பங்கள் இரண்டுக்கும் நடுவால் பந்தை அனுப்பினால் மூன்று புள்ளி. மிச்ச நேரமெல்லாம் அவன் வாங்கில் குந்தியிருந்து விறைக்க வேண்டியதுதான். முதலாம் ஆண்டில் ஒரு நாள் வகுப்புக்குப் போகிற வழியில், "உதைக்க ஆள் தேவை, அனுபவம் அவசியமில்லை" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கனடாவுக்கு வந்த நாளில் இருந்து எந்த வேலைக்குப் போனாலும் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். கோப்பை கழுவுவதற்குக்கூடக் கேட்டார்கள். அனுபவம் வேண்டாம் என்று இந்த நாட்டில் எனக்குச் சொன்ன முதல் தாள் அதுதான். அன்றைக்குப் பின்னேரமே போய்விட்டேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும் அவள்தான், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் தன் வீட்டில் அறை தந்து படிக்க அனுப்பியதும் அவள்தான். யாராவது கேட்டால், "தம்பி எஞ்சினியரிங் படிக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பந்து உதைக்கிற கதை வாயில் வராது.

அந்த ஆண்டு என்ன பேய் பிடித்ததோ, எங்கள் அணி வெல்லத் தொடங்கியது. ஒக்ரோபரில் நான்கு ஆட்டம் தொடர்ந்து வென்றோம். ஒவ்வொரு வெற்றிக்கும் மற்றவர்கள் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். நானும் துள்ளினேன், துள்ளிவிட்டு அறைக்குப் போய் அட்டவணையில் மிச்ச ஆட்டங்களை எண்ணினேன். அரையிறுதி அன்று எதிரணி எங்களைத் தோற்கடிக்கட்டும் என்று ஒரு நிமிடம் மனசார வேண்டினேன். வேண்டிய கையோடு நானே இரண்டு தரம் சரியாக உதைத்து வெற்றியைத் தேடிக் கொடுத்தேன். இறுதி ஆட்டம் எங்கள் சொந்த மைதானத்தில், சனிக்கிழமை ஒரு மணிக்கு என்று அறிவித்தார்கள்.

திங்கட்கிழமை பயிற்றுநர் எங்களை உடற்பயிற்சிக் கட்டடத்தின் ஒடுங்கிய நடையில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தச் சுவர் முழுக்க, அந்த ஆட்டத்தை வென்ற பழைய அணிகளின் படங்கள். முதல் படத்தில் இருப்பவர்கள் மீசையும் கம்பளிச் சட்டையுமாக, கலியாணத்துக்கு உடுத்த மாதிரி நிற்கிறார்கள். தலைக்கவசம் பிறகு தோலில் வருகிறது, பிறகு பிளாஸ்ரிக்கில் வருகிறது. நடுவே சில ஆண்டுகளுக்குப் படமே இல்லை. ஏன் என்று கேட்டேன். "உலகப்போர். ஆட்டம் நடக்கவில்லை. பையன்கள் எல்லாரும் போய்விட்டார்கள்" என்றார். நான் படித்த பள்ளிக்கூடத்திலும் ஆட்டங்கள் நின்றுபோன ஆண்டுகள் இருக்கின்றன. கடைசிப் படம் நாங்கள் யாரும் பிறக்கும் முன் எடுத்தது. "சனிக்கிழமை எல்லாரும் இருப்பீர்கள்தானே?" என்று அவர் கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும், "ஓம்" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சாமத்திய வீட்டில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவன்தான் தேங்காய் உடைக்க வேண்டும். பிள்ளையின் தலையில் முதலில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். எங்கள் அண்ணைமார் இரண்டு பேர். ஒருவர் ஊரில், வெளியே வர வழியில்லை. மற்றவர் பாரிசில் அகதி வழக்கு முடியாமல் இருக்கிறார். கனடாவில் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே மாமன் நான். அக்கா குறித்திருந்த நேரம் பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் இருந்து பன்னிரண்டு முப்பத்தாறு வரை, அதுவும் மண்டபத்தில், நகரத்தின் ஓரத்தில் உள்ள அஜின்கோர்ட்டில். நான் ஒரு மணிக்கு நகரத்தின் நடுவில் கவசம் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சொல்லிவிட்டேன். அக்கா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் மேசையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். மருமகள் தரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்தாள். நான் சொல்லி முடித்ததும் அக்கா அடுப்பை அணைத்தாள். அவள் கோபத்தின் அளவு எனக்கு அதில் விளங்கியது. எண்ணெய் காய்ந்திருக்கும்போது அடுப்பை அணைக்கிற ஆள் அவள் இல்லை.

"உனக்கென்ன விசரோ? முந்நூறு சனத்துக்குச் சொல்லியாச்சு. தாய்மாமன் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? முட்டை உதைக்கப் போயிட்டான் எண்டோ? ஆர் பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது, உன்ர கோச்சோ?"

"அம்மா, இற்ஸ் த ஃபைனல்! மாமா ஹாஸ் டு கோ!" என்றாள் மருமகள்.

"நீ வாயை மூடு. உனக்குத்தான் இவ்வளவும் செய்யிறது."

"நான் கேக்கேல்லையே!"

அக்கா கரண்டியைப் போட்டாள். நேரே கேட்டபோது பொய் சொன்னவன் நான். "இல்லை அக்கா, நான் போகேல்லை. மண்டபத்துக்கு வாறன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இருபத்தொரு வயதுக் கடா, பலகாரச் சட்டிக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சுகிறேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி நின்றாள்.

அத்தான் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அது பெரிய நாள். தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு காலையில் கொழும்பில் இருக்கிற தாயோடு தொலைபேசியில் கதை, இவ்வளவுதான் அவர். முறுக்கு உரலைக் கீழே வைத்துவிட்டு அவரும் கலண்டரைப் பார்த்தார்.

"இஞ்சாருமப்பா. உந்த நேரத்தை எதைப் பாத்து எடுத்தனீர்?"

"உந்தக் கலண்டரைப் பாத்துத்தான். வேறை எதைப் பாக்கிறது?"

"உது கொழும்பில அடிச்ச கலண்டரெல்லோ?"

அந்தக் கலண்டரை ஒவ்வொரு தை மாதமும் அத்தானின் தாய் அனுப்பிவைப்பார். அதில் போட்டிருக்கும் நல்ல நேரமெல்லாம் அங்கத்தைய நேரம். அங்கே சனிக்கிழமை பகல் பதினொன்று பன்னிரண்டு என்றால், இங்கே வெள்ளிக்கிழமை படுத்தவர்கள் முதல் நித்திரையில் இருக்கிற நேரம். பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. அக்கா அதை அப்படியே ரொறன்ரோவுக்குத் தூக்கிவந்து அழைப்பு அட்டையில் அடித்துவிட்டாள்.

"அத்தானும் மச்சானும் சேந்து எனக்கு நாடகம் ஆடுறியளோ? விளையாட்டுக்காகப் பஞ்சாங்கத்தையும் மாத்துவியள்!" என்று அக்கா பாய்ந்தாள். ஆனால் பாய்ச்சலில் முன்பிருந்த வேகம் இல்லை. போய் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

ஐயர் சத்தமாகப் பேசுகிறவர், எங்களுக்கும் கேட்டது. "பிள்ளை, நீங்கள் நேரத்தை மாத்திப் பாத்துத்தான் சொன்னனீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சன்!" பிறகு தாள் புரளும் சத்தம். இந்த ஊருக்குக் கணக்குப் பார்த்தால், காலையில் எட்டில் இருந்து ஒன்பதுக்குள் தண்ணீர் வார்க்கலாம். ஆலத்தி எடுப்பதற்குப் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு நல்லது. நடுவில் ஒன்றும் வேண்டாம். நடுப்பகல் நேரத்தைத் தொடவே வேண்டாம் என்றார்.

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "உந்தக் கலண்டரைப் பாத்துத்தானே வீடு குடிபூந்தனாங்கள். கார் எடுத்ததும் உதைப் பாத்துத்தான். இவளுக்கு ஏடு தொடக்கினதும்..."

"எல்லாம் பிழையான நேரத்திலதான் செய்திருக்கிறம். ஒண்டும் கெட்டுப் போகேல்லைத்தானே" என்றார் அத்தான்.

மருமகள்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அத்தான் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அக்காவும் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். எழுந்து அடுப்பை மூட்டும்போது என் பக்கம் திரும்பி, "உனக்காக மாத்தேல்லை. நேரத்துக்காகத்தான் மாத்திறன். விளங்குதோ?" என்றாள்.

"ஓம் அக்கா."

"ஓமாம். பொய்க்காரன்."

அடுத்த இரண்டு நாளும் அவள் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. காரணத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐயர் மாற்றச் சொன்னார் என்று ஐயர் தலையில் போட்டுவிட்டாள். மண்டபக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. சனமும் சொல்லவில்லை. அட்டையில் பதினொன்று என்று போட்டாலும் இரண்டு மணிக்கு வருகிறவர்களுக்குப் பின்னேரம் ஐந்தரை என்பது எவ்வளவோ வசதி.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டு வாசற்படியில் நான் தேங்காய் உடைத்தேன். படியில் மெல்லிய பனி. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. பார்த்துக்கொண்டிருந்த அன்ரிமார், "நல்ல சகுனம்" என்றார்கள். நவம்பர்க் குளிரில் பின்வளவில் வைத்துத் தண்ணீர் வார்க்க முடியுமோ? குளியலறைத் தொட்டிக்குள் பலகை வைத்துப் பிள்ளையை இருத்தினார்கள். அறுகம்புல் அக்கா யன்னலடியில் பூச்சாடியில் வளர்த்தது. நான் பாலறுகு வைத்து முதற் குடம் வார்த்தேன். அது வெந்நீர்தான், ஆனாலும் மருமகள், "மாமா, கோல்ட்!" என்று கத்தினாள். எட்டரைக்கு நான் விளையாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு ஓடினேன். "ஐந்தரைக்கு மண்டபத்தில நிக்கேல்லையெண்டால் இனி இந்தப் படி மிதியாதை!" என்று அக்கா வாசலில் நின்று கத்தினாள்.

ஆட்டம் தொடங்கி முதற் பாதி முடியும்போது பார்வையாளர் பக்கம் ஒரு ஆரவாரம் கேட்டது. ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டால் என் அக்கா இறங்கி வருகிறாள். காஞ்சிபுரம் சேலை, அதற்கு மேல் அத்தானின் பனிச்சட்டை, காலில் பெரிய பனிச்சப்பாத்து. பின்னால் மருமகள், நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், தலை நிறையப் பூ, எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி வைத்த ஜக்கற். அதன் பின்னால் அத்தானும் மொன்றியலில் இருந்து வந்த சனமும். கடைசியில் வீடியோக்காரர், தோளில் கமராவோடு. காலையில் எல்லாம் முடிந்துவிட்டதாம், பின்னேரம் வரைக்கும் செய்ய வேலை இல்லையாம், பிள்ளை நச்சரித்ததாம். மாணவர்கள் எழுந்து நின்று மருமகளுக்குக் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா பலகாரம் அடுக்கிய பழைய ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்து, முகத்தில் நீலச் சாயம் பூசிய பொடியங்களுக்கு ரோல்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமிதத்தில் எனக்குக் கால் விறைத்ததே தெரியவில்லை.

ஆட்டம் முடிய ஒன்பது வினாடி. இரண்டு பக்கமும் புள்ளி சமம். பயிற்றுநர் என் தலைக்கவசத்தில் தட்டி, "போ" என்றார்.

நாற்பது யார் தூரம். ஏரிப் பக்கமிருந்து காற்று. ஐம்பது தரம் பயிற்சியில் உதைத்த தூரம்தான். மைதானம் முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு குரல் மட்டும் கேட்டது: "டேய் தம்பி! நேராப் பாத்து அடியடா!"

அடித்தேன். காலில் பட்டவுடனேயே தெரிந்துவிட்டது. பந்து வலது பக்கம் விலகி, கம்பத்துக்கு வெளியால் போனது.

நான் முழங்காலில் விழுந்தேன். எதையும் பார்க்கவில்லை. பொய் சொன்னேன், அழுதேன், முந்நூறு பேரின் பகலைப் புரட்டிப்போட்டேன், எல்லாம் இதற்குத்தானா என்று நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன். அப்போது யாரோ ஒருவன் என் முதுகில் விழுந்தான். அவன் மேல் இன்னொருவன். பிறகு முழு அணியும் என் மேல் கிடந்தது. சந்து வழியாகப் பார்த்தேன். நடுவர் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்.

கனடாவின் விதிகளில் ஒன்று அது. எனக்குத் தெரிந்த விதிதான், அந்தக் கணம் மறந்துபோயிற்று. உதைத்த பந்து கம்பத்தைத் தவறவிட்டாலும், பின்னால் இருக்கிற எல்லைப் பகுதியைத் தாண்டிப் போய்விட்டால் ஒரு புள்ளி. பந்து விறைத்த நிலத்தில் குத்தி, பிடிக்க நின்றவனின் கைக்கு எட்டாமல் துள்ளிக் கடைசிக் கோட்டைக் கடந்துவிட்டது. நாங்கள் ஒரு புள்ளியால் வென்றுவிட்டோம்.

வேலியடிக்கு ஓடினேன். அக்கா குழம்பிப்போய் நின்றாள்.

"நீ அடிச்சது பிழைச்செல்லோ போச்சு?"

"ஓம் அக்கா, பிழைச்சுத்தான் போச்சு."

"பிறகேன் உவங்கள் துள்ளுறாங்கள்?"

"பிழைச்சாலும் ஒரு பொயின்ற் அக்கா. வெண்டிட்டம்!"

"பிழைச்சதுக்கும் குடுக்கிறாங்களோ?" அவள் என்னைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள். "அட, நல்ல நாடுதான்!" என்று சொல்லி வேலிக்கு மேலால் என் தலைக்கவசத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். அவள் மூக்குத்தி கவசத்தின் கம்பியில் சிக்கியது. அதை எடுக்க மருமகள் வரவேண்டியதாயிற்று. "சரி, வெளியில வான் நிக்குது, ஏறு. உடுப்பு மாத்திக்கொண்டு நிக்காதை, நேரம் போகுது."

ஐந்தரைக்கு முன் மண்டபத்தில் நின்றேன், சேறு பிடித்த அணிச்சட்டைக்கு மேல் வேட்டியும் சால்வையுமாக. வீடியோக்காரர் நிறுத்தாமல் படம்பிடித்திருந்தார். கசெற்றில் என் தவறிய உதைக்குப் பின்னால் நாதஸ்வரமும் தவிலும் சேர்த்திருக்கிறார். அன்று அக்கா ஒவ்வொரு மேசையாகப் போய், "என்ர தம்பி, பிழையா அடிச்சு வெண்டவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எஞ்சினியரிங் கதை ஒருவரிடமும் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு நாங்கள் அரையிறுதியோடு வெளியே வந்தோம். நான் அதில் இரண்டு உதை தவறவிட்டேன், புள்ளி ஒன்றும் கிடைக்கவில்லை. இறுதி ஆட்டம் நடந்த சனிக்கிழமை எங்கேயும் போக மனமில்லாமல் கிடந்தேன். பகல் பன்னிரண்டரைக்கு அக்கா கீழே இருந்து கூப்பிட்டாள். அன்றைக்கு அத்தானின் சொந்தக்காரர் வீட்டில் கலியாணம். நெருங்கின சொந்தம். அவள் வீட்டுச் சட்டையோடு சோபாவில் இருந்தாள்.

"நீங்கள் கலியாணத்துக்குப் போகேல்லையோ?"

"அத்தான் போயிட்டார். நான் வரேல்லையெண்டு ஓகஸ்ட்டிலயே சொல்லிட்டன். அண்டைக்குத் தம்பிக்கு மாட்ச் எண்டு."

"நாங்கள் போன கிழமையே தோத்திட்டமெல்லோ அக்கா."

"தெரியும். அதுக்காக இந்த நாளை விடுறதோ?"

தொலைக்காட்சியில் வேறு இரண்டு அணிகள் களத்துக்கு ஓடிவந்தன. அக்கா ரோல்ஸ் தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுக் காலை மடித்து இருந்தாள்.

"இண்டைக்கு நாங்கள் ஆரின்ர பக்கம்?" என்று கேட்டாள்.